கரடிகளின் ஊரில் நெத்திலி காயவைத்த கதை

1

மலைக்குப் போய்வந்து ஒரு வருடம் ஆகிவிட்டதை எனக்கு நினைவூட்டியது பூங்கா நிர்வாகம்தான். என் வருடாந்தர அனுமதிச் சீட்டு இந்த மாதத்தோடு காலாவதியாகிறதாம். உடனே புதுப்பித்துக்கொண்டால் மலையும் ஏரியும் எனக்காகக் காத்திருக்குமாம். கனடாவுக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருடங்களில் நான் கண்டது, இங்கே யாரும் எதையும் மறப்பதில்லை. என் பிறந்தநாளைப் பல் மருத்துவமனை நினைவில் வைத்திருக்கிறது. கல்யாண நாளுக்குக் காப்பீட்டுக்காரர்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள். மறக்கிற வேலையை மட்டும் அவரவரே செய்துகொள்ள வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: நான் காத்திவாக்கத்துக்காரன். எண்ணூர் கழிமுகத்தில் இறாலைக் கையால் தடவிப் பிடித்து வளர்ந்து, துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணி, இப்போது சஸ்கட்டூன் என்ற ஊரில் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டி எண்ணுகிறேன். முன்னேற்றம் என்றால் இதுதான். மனைவி கவிதா, ராயபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். மகள் நிலாவுக்குப் பதினொரு வயது. அவளுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பாள்.

போன வருடம் என் அக்கா தனம் எங்களோடு ஐந்தரை மாதம் இருந்தாள். அவள் இருந்ததும் போனதும்தான் இந்தக் குறிப்பு. மலை நடுவில் வரும்.

2

தனம் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள். விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறி, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்காருவாள். நெத்திலியை மட்டும் கருவாட்டுக்கென்றே தனியாக வாங்கி வீட்டில் காயவைப்பாள். என் டிப்ளமோ சர்டிபிகேட்டை மோந்து பார்த்தால் நெத்திலி வாசனை அடிக்கும் என்பது அவள் அடிக்கடி சொல்லும் ஜோக். அது ஜோக் இல்லை என்று எனக்கும் தெரியும்.

முன்பெல்லாம் கடற்கரை மணலில் வலை விரித்து அதன்மேல் காயவைப்பாள். பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் காற்றில் வர ஆரம்பித்தன. வெள்ளை நெத்திலி சாயங்காலத்துக்குள் கறுப்பு நெத்திலி ஆகிவிடும். அதனால் மொட்டை மாடிக்கு மாறினாள், மேலே கொசுவலை கட்டினாள், காற்று திரும்பும்போதெல்லாம் ஓடிப்போய் மூடினாள். மீனுக்குக் கொசுவலை கட்டியவள் தன் நெஞ்சுக்கு எதுவும் கட்டிக்கொள்ளவில்லை. மூச்சிரைப்பு வந்துவிட்டது. இடுப்பில் சுருக்குப்பை செருகும் இடத்தில் இப்போது உறிஞ்சும் மருந்து இருக்கிறது. அவள் அதை பம்பு என்பாள். டாக்டர் இடம் மாறச் சொன்னார். "நீங்க மொதல்ல ஒரு நாள் வந்து தங்குங்க சார், அப்பால நான் மார்றேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாளாம்.

அவளை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருடத் திட்டம். சுற்றுலா விசாவுக்கு நான் எழுதிய கடிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் சகோதரிக்குச் சொந்த வீடு உண்டு, வியாபாரம் உண்டு, உற்றார் உறவினர் உண்டு, ஆகவே அவர் நிச்சயமாகத் தாயகம் திரும்பிவிடுவார் என்று இரண்டு பக்கம் உருகி எழுதினேன். அத்தனையும் பொய் என்பது என் எண்ணம். வந்து இறங்கியதும் ஆறு மாதத் தங்கலை நீட்டிக்க இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும், பிறகு இன்னொன்று, பிறகு வேறு வழி. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவளோ ஒவ்வொரு முறையும் பேனாவை வாங்கிக் காது குடைந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்கு மலையைக் காட்டுவது என்று நான் முடிவெடுத்தது அப்படித்தான். அந்தக் காற்றை மூன்று நாள் சுவாசித்தால் தானே கையெழுத்துப் போடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

3

மலைக்கு முன் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதன்முதலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா நெத்திலி வறுத்தாள். திங்கட்கிழமை கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. 'வாசனை தொடர்பான கவலை' என்று தலைப்பு. எங்கள் மேல் யாருக்கும் எந்தக் கோபமும் இல்லையாம், கவலை மட்டும்தானாம். காசிமேட்டில் இதையே "இன்னாடா கலீஜு" என்று நேராகக் கேட்டிருப்பார்கள், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கவலைக்கு என்ன பதில் சொல்வது? வீட்டு உரிமையாளர் கேட்டபோது, மாடியில் புதிதாக வந்தவர்கள் ஏதோ சமைத்திருப்பார்கள் என்று சொன்னேன். மாடியில் இருந்தது ஒரு உக்ரைன் நாட்டுப் பாட்டியம்மா. பாவம், அவர் காளான் சூப்பு தவிர வேறெதுவும் வைத்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு தனி வீட்டுக்கு மாறினோம். அங்கேயும் கருவாடு என்றால் கார் ஷெட்டில் தனி அடுப்பு, கதவைத் திறந்துவைத்து மின்விசிறி, சமைத்தபின் குளியல், உடைமாற்று. கடத்தல்காரன்கூட இவ்வளவு ஏற்பாடு செய்யமாட்டான். ஐந்து வருடத்தில் அதையும் விட்டுவிட்டோம். நிலாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். நிலாவைக் கேட்கவில்லை.

அக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது சுங்க அதிகாரியிடம் தானாகவே பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறாள். இரண்டு கிலோ நெத்திலி. அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "ஃபிஷ்ஷு, என் ஃபிஷ்ஷு" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னாளாம். அவரும் தலையாட்டி அனுப்பிவிட்டார். வெளியே நின்றிருந்த நான்தான், பக்கத்தில் யாராவது மோந்து பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

4

சஸ்கட்டூனில் இருந்து பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு எட்டு மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் கோதுமை வயல். அக்கா முதல் ஒரு மணி நேரம் ரசித்தாள், பிறகு தூங்கினாள், எழுந்து பார்த்து, "வண்டி நின்னுகினா கீது?" என்று கேட்டாள். நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

மலை தொடங்கியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு மேம்பாலம் வந்தது. மேலே மரமும் புல்லும். கரடியும் மானும் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காகக் கட்டியது என்று நிலா விளக்கினாள். அக்கா கழுத்தைத் திருப்பி, அது மறையும் வரை பார்த்தாள்.

"எங்கூர்ல கண்டெய்னர் லாரி நடுவுல புள்ளைங்க உசுர புடிச்சிகினு ரோட்ட தாண்டுது. நீ மானா பொறந்திருக்கலாம் சேகரு."

"ஏன் நானு?"

"நா எதுக்கு மானாவணும். நா மீன் விக்கிறவ."

ஏரியைப் பார்க்க முதல் நாளே வரிசை. அந்த ஏரிக்கு நம் காரில் போக முடியாது, அவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். அந்தப் பேருந்துக்கு இடம் பிடிக்க நான் மூன்று மாதத்துக்கு முன் கணினி முன்னால் காத்திருந்தேன். திருப்பதிக்கு இதைவிடச் சுலபமாகப் போய்விடலாம், லட்டும் கிடைக்கும். ஏரி மட்டும் சொன்னது போலவே இருந்தது. சாயம் கரைத்து ஊற்றியது மாதிரி ஒரு பச்சை நீலம். பனிப்பாறை மலையைத் தேய்த்து மாவாக்கி, அந்தக் கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் என்று பலகையில் எழுதியிருந்தது. அதையும் நிலாதான் தமிழில் சொன்னாள்.

"கல்லு தூளு தண்ணில கீது, அதான் அழகா?" அக்கா கேட்டாள்.

"ஆமா அத்தை."

"எங்க ஆத்துலயும்தான் சாம்ப தூளு கலந்து கீது. ஒருத்தனும் போட்டா புடிக்க வரல. நாங்க பஸ்ஸு வுடல, அதான் போல."

கவிதா சிரித்துச் சிரித்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அக்காவும் சிரித்தாள். இவ்வளவு சிரித்தும் அவளுக்கு இருமல் வரவில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கூடாரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளே சொன்னாள். ஒன்பது மணிக்கும் அங்கே நல்ல வெயில்.

"காலைலேர்ந்து பம்பு எடுக்கலடா."

"தெரியும்க்கா."

"எத்தினி வருசமாச்சி, இப்டி உள்ள வரைக்கும் இழுத்து." ஒருமுறை இழுத்துக் காட்டினாள். "சரி. வூட்டுக்கு போனதும் அந்த பேப்பர எடு. போட்டுத் தொலைக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன். சமையல் எரிவாயு அடுப்பில் நடந்தது, புகையே கிடையாது.

5

முகாமில் நுழையும்போதே ஒரு தாள் கொடுத்தார்கள். கரடி நடமாடும் இடம், ஆகவே உணவு, உணவுப் பாத்திரம், பற்பசை, சோப்பு, நாய்த்தீனி, வாசனை அடிக்கும் எதுவானாலும் வெளியே விடக்கூடாது, காருக்குள்ளோ இரும்புப் பெட்டிக்குள்ளோ வைத்துப் பூட்ட வேண்டும். நான் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்குச் சொன்னேனா என்றால், பொதுவாகச் சொன்னேன். அவள் நெத்திலியைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டிலேயே இறக்கி வைத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

நெத்திலியை அவள் ஐஸ் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஐஸ் உருகிப் பொட்டலம் நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் நானும் கவிதாவும் காபி வாங்கக் கிளம்பியதும், அக்கா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். நனைந்த கருவாட்டைக் கண்டால் காத்திவாக்கத்தில் எந்தப் பெண்ணும் யோசிக்கமாட்டாள். காய்கிற இடத்தைத் தேடி அவள் கை தானாகப் போகும். இங்கே எதிரிலேயே வீட்டுக் கூடம் அளவுக்கு ஒரு தட்டைப் பாறை, அதன்மேல் இளம் வெயில், ஈரமே இல்லாத மலைக்காற்று. தூசி கிடையாது, சாம்பல் கிடையாது, கொசுவலை வேண்டாம். துண்டை விரித்து நெத்திலி அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பியிருக்கிறாள். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காக்கா ஓட்ட உட்கார்ந்துவிட்டாள்.

கரடிகள் வாழும் காட்டில், கையில் குச்சியோடு, காக்காய்க்குக் காவல்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவள் எதிரில் பச்சை நிறச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தாள். நிலா நடுவில் நின்று இருபக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

"டேய் சேகரு, இங்க வா. பாரு, எப்டி காஞ்சிகினு கீது. வெள்ளி கணக்கா. ஒரு கறுப்பு புள்ளி காட்டு பாக்கலாம்."

அதிகாரி என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள். ஐயா, இது என்ன?

எனக்குக் கதவில் ஒட்டிய கடிதம் நினைவுக்கு வந்தது. கையில் இரண்டு காபி. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த குடும்பம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிழைகூட இல்லாமல், தடங்கல் இல்லாமல் நான் பேசிய ஆங்கில வாக்கியம் அதுதான்.

நாய்க்கான உணவு என்றேன்.

நாய் எங்கே என்று அவள் கேட்டாள். வீட்டில் இருக்கிறது என்றேன். நாய்த்தீனியானாலும் வெளியே வைக்கக்கூடாது, தாளிலேயே போட்டிருக்கிறதே என்றாள். ஆக, பொய் சொல்லியும் பயனில்லை.

"அது நாய்க்கு இல்லை" என்று நிலா ஆங்கிலத்தில் சொன்னாள். "என் அத்தை செய்தது. நாங்கள் சாப்பிடுவது. எங்களுக்கு நாயே கிடையாது."

அதிகாரி என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பாறைக்குப் பக்கத்தில் குனிந்து, மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் கீழைக் கடற்கரையில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவளாம். அங்கே அவள் தாத்தா காலத்தில் ஊரே பாறைமேல் உப்புமீன் காயவைக்குமாம், மழை வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய் மூடுவார்களாம். மீனைக் காயவைத்த விதம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று அத்தையிடம் சொல் என்றாள். இத்தனை பெரிய மலையில் கருவாடு என்றால் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அவளிடம்தான் நான் நாயைக் கட்டிவைத்திருந்தேன்.

விதியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை மனிதர் சாப்பாட்டை ருசி கண்ட கரடியை எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்துவிடும், கடைசியில் சுட வேண்டியதாகிவிடும் என்று விளக்கினாள். எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனாள். அதில் என் பெயர் இருந்தது, நாயின் பெயருக்குக் கட்டம் இல்லை.

6

"அந்த பொண்ணு மோந்து பாத்து இன்னாவோ சொல்லிச்சே, இன்னா?" அக்கா கேட்டாள்.

நல்லா இருக்குன்னு சொன்னாங்க என்றேன்.

"நீ இன்னா சொன்னே? நீ வந்ததும் அது மூஞ்சி மாறிச்சே."

நான் காபியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நிலாவைப் பார்த்தாள். நிலா ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். பிழையில்லாமல் தமிழ் பேச வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்துப் பிழையே இல்லாமல் பேசினாள்.

"அப்பா இது நாய் சாப்பாடுன்னு சொன்னாங்க, அத்தை."

அக்கா திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மார்க்கெட்டில் எடையில் ஏமாற்றியவனை அவள் திட்டியதைக் கேட்டவன் நான். பாறையின் முன் உட்கார்ந்து நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பையில் போட்டாள். தட்டுவதற்கு அதில் தூசியே இல்லை, ஊர்ப் பழக்கத்தில் தட்டினாள். கவிதா பக்கத்தில் உட்கார்ந்து, "கொடுங்க அண்ணி, நானும் எடுக்கேன்" என்று சேர்ந்துகொண்டாள். நிலாவும் உட்கார்ந்தாள். எனக்கு அந்தப் பாறையில் இடம் இருந்தது. வெட்கமாக இருந்தது, அதனால் நின்றேன்.

மூன்று நாள் பயணம் இரண்டு நாளில் முடிந்தது. அக்காதான் போகலாம் என்றாள். எட்டு மணி நேரமும் காரில் நெத்திலி வாசனை. நான் கண்ணாடியை இறக்கவில்லை. அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தேன், பேனாவையும் வைத்தேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"கோவமாக்கா?"

"கோவம் இன்னாத்துக்கு நைனா. இங்க மூச்சு நல்லா வருது, அதுல ஒண்ணும் பொய்யில்ல. ஆனா எல்லாத்தையும் மூடிகினே வாழணும் போல கீதே. நீ பழகிட்ட. எனக்கு அம்பத்தாறு வயசாவுது."

"அங்க போனா திரும்ப பம்புதான்."

"அந்த கரடி கதைய புள்ள சொல்லிச்சி. எங்க கொண்டுபோய் வுட்டாலும் திரும்பி வந்துரும்னு. எங்க தெருவுல பாதி பேர, வூடு தர்றோம்னு காலி பண்ணி, தொலவா பெரும்பாக்கத்துல கொண்டுபோய் வுட்டாங்க. விடிஞ்சா எல்லாம் காசிமேட்ல நிக்கிது. வுடு."

நான் கெஞ்சினேன். வாசனைக் கவலையும் வேண்டாம், கார் ஷெட்டும் வேண்டாம், கூடத்திலேயே வறு என்றேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஊருக்குப் போனாள். விசாக் கடிதத்தில் நான் எழுதிய அத்தனை பொய்யும் உண்மையாகிவிட்டது.

7

ஐப்பசி மழையில் அவளை இரண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். மூச்சு முட்டிவிட்டதாம். எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நிலாவுக்கு அன்றே தெரியும். அவளும் அத்தையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுகிறார்கள். நான் போனை வாங்கினால் அக்கா, "நல்லாக்கீறேன், நீ?" என்பாள். இருவரும் நல்லாயிருக்கிறோம் என்று முடிவாகிவிடும். எங்களை மறந்து வளர்கிறாள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நிலா, இப்போது சமையலறையில் "இன்னாம்மா, உப்பு கம்மியா கீது" என்கிறாள். தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு இது பற்றிக் கவலை என்று எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது.

பூங்காவின் மின்னஞ்சல் வந்த அதே வாரம், திருவொற்றியூரில் இருந்து இங்கே மகன் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா கையில் அக்கா பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு பெரிய டப்பா, ஒரு சின்னப் பொட்டலம். இரண்டிலும் நெத்திலி. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. காற்று திரும்பும்போதெல்லாம் எத்தனை முறை மாடியேறி மூடினாளோ, அதற்கு எத்தனை முறை பம்பை எடுத்தாளோ.

டப்பாவில் கோணல் எழுத்தில் 'நிலா கண்ணுக்கு' என்று ஒட்டியிருந்தது. சின்னப் பொட்டலத்தின் மேல், இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில், 'நாய்க்கு'.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். நிலா பொத்திக்கொள்ளவில்லை.

நான் அடுப்பைக் கார் ஷெட்டுக்கு எடுத்துப்போகவில்லை. சமையலறையிலேயே, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு வந்து, என்ன சமையல் என்று கேட்டார்.

கருவாடு, என் அக்கா செய்தது என்றேன். பிறகு உள்ளே வந்து என் பங்கைச் சாப்பிட்டேன்.